ஹாப் அடுப்பு பதிக்கப் போறீங்களா? கல்லுக்கு அடியில உள்ள வேலைய மொதல்ல பாருங்க

நம்ம திருநெல்வேலி பக்கம் இப்பம் அடுக்களைய இடிச்சுக் கட்டுதவங்க, புது வீடு போடுதவங்க எல்லாருமே ஹாப் அடுப்பு தான் வேணும்ங்காங்க. கிரானைட் கல்லுல சதுரமா வெட்டி அதுக்குள்ள அடுப்ப இறக்கி, மேல கண்ணாடியும் பர்னரும் மட்டும் தெரியுத மாதிரி பதிக்கிறது. பாக்க அழகு, தொடைக்க சுளுவு, எனக்கும் ரொம்பப் பிடிச்ச சாமான் தான். ஆனா கடைக்குப் போனா கண்ணாடி எவ்ளோ பளபளப்பு, எத்தனை பர்னர், தள்ளுபடி எவ்ளோ, இதத்தான் சொல்லுவாங்க. கல்லுக்கு அடியில காத்து எப்படி வரும், கேஸ் கசிஞ்சா எங்க போவும், வால்வு கைக்கு எட்டுமா, சிலிண்டர் எங்க நிக்கும், இத ஒருத்தரும் பேச மாட்டாங்க. உசுரு சம்பந்தப்பட்ட விஷயம் பூராம் கீழ தான் இருக்கு, அதனால நானும் கீழ இருந்தே ஆரம்பிக்கேன்.

சாதா அடுப்பு மேடை மேல நிக்கும், ட்யூப் கண்ணு முன்னாடி தொங்கும், லேசா கசிஞ்சாலும் மூக்குக்கு உடனே தெரிஞ்சிரும். ஹாப்ல அப்படி கெடையாது, பைப்பு, ஜெட்டு (பர்னருக்கு கேஸ் விடுத சின்ன ஓட்டை உள்ள மூக்கு), ஜாயிண்டு எல்லாமே கல்லுக்கு அடியில மூடுன கபோர்டுக்குள்ள இருட்டுல கெடக்கும். நாம வீட்ல எரிக்கிற எல்பிஜி காத்த விட கனம், அதுல உள்ள புரொப்பேன் ஒன்றரை மடங்கு, பியூட்டேன் ரெண்டு மடங்கு கனம். அதனால கசிஞ்ச கேஸ் மேல போவாது, தண்ணி மாதிரி தரையில பரவி பள்ளத்தப் பாத்துப் போவும். காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும் பத்திக்கிட. மூடுன கபோர்டுக்குள்ள அந்த ரெண்டு பங்கு சேர ரொம்ப நேரம் ஆவாது.

அதனால கார்ப்பெண்டர்கிட்ட கபோர்டு வேலைய சொல்லும்போதே ஹாப் வரப்போற பொட்டிக்கு அடியில, தரையோட ஒட்டி ஓட்டை வேணும்னு சொல்லிருங்க. மேலயும் ஒரு வழி வேணும், கீழ இருந்து காத்து ஏறி மேல வெளிய போகணும்லா. பலகை கதவுக்குப் பதிலா சட்டம் வச்ச ஜன்னல் மாடல் கதவு, இல்ல கம்பி வலை அடிச்ச கதவு போட்டா ரொம்ப நல்லது. "வலை போட்டா கரப்பான் வரும், அசிங்கமா இருக்கும்"னு சொல்லுவாங்க, வரட்டும், கரப்பானுக்கு மருந்து இருக்கு. ஹாப்புக்கு நேர் கீழ டிராயர் வைக்கணும்னு ஆசைப்பட்டா ஹாப்போட அடிப்பக்கத்துக்கும் டிராயருக்கும் நடுவுல ஒரு பலகை குடுத்து, கம்பெனி புக்குல போட்டிருக்க இடைவெளிய விட்டே ஆகணும். அந்த டிராயர்ல தீப்பெட்டி, எண்ணெய் துணி, பிளாஸ்டிக் கவர் இதெல்லாம் வைக்காதீங்க.

நம்ம பக்கத்துப் பழைய வீடுகள்ல இன்னொரு விஷயம் இருக்கு, அங்கணம். டவுன், பாளை, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கம் எல்லாம் அடுக்களை மூலையில அங்கணக்குழி இருக்கும், தண்ணி வெளிய போறதுக்கு. தரையிலயே பள்ளமான எடம் அதுதான், கசிஞ்ச கேஸ் நேரா அங்க போய் குழாய்க்குள்ள எறங்கி சாக்கடையில தங்கிரும். சிலிண்டரோ ஹாப்போ அங்கணத்துக்குப் பக்கத்துல வராம பாத்துக்கிடுங்க. வேற வழியே இல்லன்னா அந்தக் குழிக்கு தண்ணி நிக்கிற மாதிரி வளைவு வச்ச டிராப் போட்டுருங்க.

அடுத்தது காத்து. ஆடிக் காத்து நமக்குப் புதுசா சொல்லணுமா, செங்கோட்டைக் கணவாய் வழியா மேக்க இருந்து வர்ற காத்து குத்தாலத்துல சாரலா விழுந்துட்டு, இங்க நம்ம அடுக்களை ஜன்னல்ல வெறும் காத்தா வந்து அடிக்கும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கம் இருக்கவங்களுக்கு கேக்கவே வேண்டாம், அங்க காத்தாடி நட்டு கரண்டே எடுக்காங்க. ஹாப்ல தீ ரொம்பத் தணிவா இருக்கும், சிம்ல வச்சா இன்னும் தணிவு. மேக்கு ஜன்னலுக்கு நேரா ஹாப்ப வச்சா சொதி சிம்ல கொதிக்கும்போது ஒரு காத்து வந்து தீய அணைச்சிரும், ஆனா கேஸ் நிக்காது, வந்துக்கிட்டே இருக்கும். அதனால ஜன்னல் ஹாப்புக்குப் பக்கவாட்டுல வர்ற மாதிரி எடம் பாருங்க. அதுக்காக ஜன்னலையே அடைச்சிராதீங்க, எரியுதுக்கும் காத்து வேணும், சிம்னி போட்டா அது வெளிய தள்ளுத காத்துக்குப் பதிலா உள்ளயும் காத்து வரணும்.

எடம் சரியான்னு பாக்க செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. கேஸ் கனெக்‌ஷன் எதுவும் வர்றதுக்கு முன்னாடி, சாய்ங்காலம் காத்து நல்லா வீசுத நேரத்துல, ஹாப் வரப்போற எடத்துல கல்லு மேல ஒரு ஊதுபத்திய கொளுத்தி வைங்க. புகை நேரா ஏறி அப்புறம் லேசா வளைஞ்சா பிரச்சினை இல்ல. கல்லோட ஒட்டி படுத்துக்கிட்டே ஓடுச்சுன்னா அந்த எடம் வேண்டாம், ரெண்டடி தள்ளி வச்சு திரும்பப் பாருங்க. ஜன்னல் தொறந்து ஒரு தடவை, மூடி ஒரு தடவை, பொறவாசல் கதவு தொறந்து ஒரு தடவை பாத்தா அடுக்களையோட காத்துப் போக்கு பூராம் தெரிஞ்சிரும்.

இதே காரணத்துக்காகத்தான் ஹாப் வாங்கும்போது ஃப்ளேம் ஃபெயிலியர் டிவைஸ் இருக்கான்னு கேளுங்கன்னு சொல்லுதேன், கடைல எஃப்எஃப்டின்னு சொல்லுவாங்க. பர்னர் பக்கத்துல ஒரு சின்னக் குச்சி நிக்கும், அது தெர்மோகப்புள். தீயோட சூட்டுல அதுல கொஞ்சூண்டு கரண்டு உண்டாகி உள்ள ஒரு காந்த வால்வ தொறந்தே பிடிச்சு வச்சிருக்கும், தீ அணைஞ்சு குச்சி ஆறுனா வால்வு தானா மூடிக்கும். உடனே மூடாது, குச்சி ஆறுத வரைக்கும் ஒரு அரை நிமிசம் ஒரு நிமிசம் ஆவலாம், ஆனா மூடிரும். நம்ம ஊர்ல விக்கிற நிறைய மாடல்ல இது கெடையாது, இருக்குறது வெலை கூட. நாலு பர்னர்ல ஒண்ண கொறச்சுக்கிட்டு மூணு பர்னர் எஃப்எஃப்டியோட வாங்குங்க, அதுதான் என்னோட அபிப்பிராயம், இதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீட்ல வயசான ஆச்சியோ சின்னப் புள்ளைகளோ இருந்தா யோசிக்கவே யோசிக்காதீங்க.

அதோட ஐஎஸ்ஐ முத்திரை, கேஸ் அடுப்புக்கான தர நம்பர் ஐஎஸ் 4246 இருக்கான்னு பாருங்க. பெரிய பர்னர் 4 கிலோவாட்னு போட்டிருந்தா அது ஃபுல்லா ஒரு மணி நேரம் எரிஞ்சா 300 கிராம் கேஸுக்கு மேல போவும்னு கணக்கு, 14.2 கிலோ சிலிண்டர்ல அது எவ்ளோன்னு நீங்களே பாத்துக்கிடுங்க. ரெண்டு பேர் இருக்க வீட்டுக்கு அவ்ளோ பெரிய பர்னர் தேவையில்ல.

சிலிண்டர் விஷயத்துக்கு வாரேன். எடம் இருந்தா வெளிய, பொறவாசல்ல வச்சு பைப்புல உள்ள கொண்டு வாங்க. நேரா நிமித்தி நிக்கணும், படுக்க வைக்கவே கூடாது, வெயில் நேரா படாம மேல ஒரு மறைப்பு வேணும். கிணத்துப் பக்கம், செப்டிக் டேங்க் மூடி, சாக்கடை வாய், கரண்டு மீட்டர், ஏசி அவுட்டோர், மோட்டார் ரூம், இதுக்குப் பக்கத்துல எல்லாம் வேண்டாம். சுத்தி தகரத்தால மூடுன பொட்டி செய்யாதீங்க, கம்பி வலைக் கூண்டு தான் செய்யணும், கீழ காத்து ஓடணும். அடியில தரைய விட நாலு விரக்கடை உயரத்துல சிமெண்டு திண்டு போட்டா மழைத்தண்ணி தேங்கி சிலிண்டர் அடி வளையம் துரு ஏறாது.

கூண்டுக்குள்ள சிலிண்டர சங்கிலி போட்டு சொவத்தோட கட்டணும். "30 கிலோ இருக்கு, இத யாரு தூக்கிட்டுப் போவா, எதுக்கு சங்கிலி"ன்னு கேப்பாங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதியில பேஞ்ச மழையில தாமிரபரணி பெருகி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் பக்கம் தண்ணி ஏறுனத நாம எல்லாரும் பாத்தோம். ஒரு சாதா வீட்டு சிலிண்டர் உள்ள 33 லிட்டருக்கு மேல தண்ணி பிடிக்கும், வெளி இரும்பையும் சேத்தா அது தள்ளுத தண்ணி 35 லிட்டர் கிட்ட, அதாவது 35 கிலோ. ஆனா கேஸ் நெறஞ்ச சிலிண்டரே மொத்தமா 30 கிலோ தான் வரும். அப்பம் ஃபுல் சிலிண்டர் கூட வெள்ளத்துல மெதக்கும், பாதி காலியானது கண்டிப்பா மெதக்கும். ரெகுலேட்டரோட மெதந்தா என்ன ஆவும், பைப்ப பிச்சிக்கிட்டுப் போவும். அதனால ஆத்தங்கரை, கால்வாய்க்கரை, குளத்தங்கரை வீடுன்னா திண்ட இன்னும் ஒசத்திக் கட்டி சங்கிலியும் போடுங்க, மழை எச்சரிக்கை வந்தா மொத வேலையா ரெகுலேட்டர கழட்டி சிலிண்டருக்கு மூடி போட்டுருங்க.

வெளிய வைக்க எடமே இல்ல, வளவு வீடு, முடுக்குக்குள்ள வீடு, அடுக்குமாடின்னா உள்ள தான் வைக்கணும், சரி. அப்பவும் ஹாப் கபோர்டுக்கு நேர் கீழ வேண்டாம், பக்கத்துப் பொட்டியில வச்சு அடியிலயும் மேலயும் காத்து வழி விட்டு, கதவ தொறந்தா ரெகுலேட்டர் உடனே கைக்கு வர்ற மாதிரி வைங்க. எங்க வச்சாலும் ஹாப் சிலிண்டர விட உயரத்துல தான் இருக்கணும்.

பைப்பு வேலைய நீங்களே செய்யாதீங்க, ஏஜென்சில சொல்லி அவங்க மெக்கானிக்கையோ கேஸ் பைப் வேலை தெரிஞ்ச ஆளையோ வச்சு செய்யணும், சாதா தண்ணிக் குழாய் பிளம்பர் கூடாது. ஆனா அவங்க செய்யும்போது நீங்க பக்கத்துல நின்னு கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு பாக்க வேண்டியது சிலது இருக்கு. காப்பர் பைப்பு சொவத்துக்கு வெளிய கிளாம்பு அடிச்சு கண்ணுக்குத் தெரியுத மாதிரி ஓடணும், ஜாயிண்டு எதையும் சொவத்துக்குள்ள பூசி மூடக் கூடாது. டவுன் பக்கத்துப் பழைய வீட்டுச் சொவர் ஒன்றரை அடி ரெண்டடி கூட இருக்கும், சுண்ணாம்புக் காரை, அதுல பைப்ப அப்படியே சொருகி சிமெண்டு பூசுனா காலப்போக்குல அரிச்சிரும். சொவர்ல மொதல்ல ஒரு பெரிய பிவிசி பைப்பு துண்ட பதிச்சு அதுக்குள்ள காப்பர விடச் சொல்லுங்க.

ரெகுலேட்டர் வெளிய விடுத பிரஷர் வெறும் 30 மில்லிபார் தான், ரொம்பக் கம்மி. பொறவாசல்ல இருந்து அடுக்களை வரைக்கும் நீளமான ஒல்லி பைப்ப இழுத்தா வழியிலயே பிரஷர் செத்துரும், நாலு பர்னரும் எரிஞ்சா தீ சோந்து போவும். அதனால ஆள் வரும்போதே தூரம் எவ்ளோ, ஹாப் மொத்தம் எத்தனை கிலோவாட்னு சொல்லி அதுக்கேத்த சைஸ் பைப்பு போடச் சொல்லணும். பைப்பு முடியுத எடத்துல, கபோர்டு கதவ தொறந்ததும் குனியாம கை வைக்கிற மாதிரி ஒரு பித்தளை பால் வால்வு (உள்ள உருண்டை திரும்பி மூடுத வால்வு) வேணும். கைப்பிடி பைப்புக்கு நேரா நின்னா தொறந்திருக்கு, குறுக்க நின்னா மூடியிருக்கு. இத வீட்ல உள்ள எல்லாருக்கும், வேலைக்கு வர்ற அக்காவுக்கும் காட்டிக் குடுங்க.

வால்வுல இருந்து ஹாப்புக்கு ஆரஞ்சு கலர் சுரக்‌ஷா ட்யூப், ஒன்றரை மீட்டருக்கு மேல போகக் கூடாது, நடுவுல ஒட்டு போடக் கூடாது, ரெண்டு முனையிலயும் கிளிப்பு. உள்ள கம்பி பின்னல் இருக்கதனால எலி லேசுல கடிச்சு ஓட்டை போட முடியாது, பச்சை ரப்பர் ட்யூப்ப மறந்துருங்க. பலகைல போட்ட ஓட்டை வழியா ட்யூப் போனா ஓட்டை விளிம்புல ரப்பர் வளையம் வைங்க, இல்லன்னா உரசி உரசி தேஞ்சிரும்.

கல்லு வெட்டுதுக்கு வருவோம். ஹாப் கைக்கு வந்த பொறவு தான் கல்ல வெட்டணும், பொட்டிக்குள்ள அளவு அட்டை இருக்கும், அத கல்லு மேல வச்சு பென்சில்ல கோடு போட்டு வெட்டணும். நெட்டுல பாத்த அளவு, கடைக்காரர் போன்ல சொன்ன அளவு, இத நம்பி கொத்தனார வெட்டச் சொல்லாதீங்க, வெட்டுன கல்ல ஒட்ட வைக்க முடியாது. முன்பக்கம் மிஞ்சுத பட்டை ரெண்டு இஞ்சுக்குக் கொறையக் கூடாது, அதுலயும் பழைய கடப்பாக்கல் மேடைன்னா இன்னும் கூட விடணும், அடுக்கு அடுக்கா உள்ள கல்லு, பட்டுன்னு விட்டுரும். நாலு மூலையிலயும் மொதல்ல டிரில் போட்டு வட்ட ஓட்டை எடுத்துட்டு அதுக்கப்புறம் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் நடுவுல தண்ணி விட்டுக்கிட்டே டைமண்ட் பிளேடால வெட்டணும். மூலைய கூர்மையா நேரா வெட்டுனா அந்தக் கூர்ல இருந்து தான் விரிசல் ஓடும், இன்னைக்கு தெரியாது, ஒரு நாள் வெங்கலப் பானைய எறக்கும்போது தெரியும். "அண்ணாச்சி, மூலைய வட்டமா எடுத்துருங்க"ன்னு வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க, நல்ல கொத்தனார்னா நாம சொல்லாமலே செய்வாரு. வெட்டுன எடத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லுக்கு அடியில இரும்பு ஆங்கிள் ஒண்ணு தாங்கலா குடுத்தா நிம்மதி.

ஹாப்ப எறக்குறதுக்கு முன்னாடி கண்ணாடி விளிம்புக்கு அடியில பொட்டியில வர்ற ஃபோம் பட்டைய சுத்தி ஒட்டுங்க, பொங்கி வழிஞ்ச பாலும் ரசமும் கபோர்டுக்குள்ள எறங்காது. சிலிக்கான் பசைய வச்சு கல்லோட ஒட்டிராதீங்க, நாளைக்கு சர்வீஸுக்கு தூக்கணும்னா கண்ணாடி ஒடைஞ்சு தான் வரும். கீழ இருந்து கிளிப்பு போட்டு முறுக்கினா போதும், அதையும் ஒரே பக்கமா இறுக்காம நாலு மூலையும் கொஞ்சம் கொஞ்சமா. பர்னர பொறி விட்டு பத்த வைக்கிற பேட்டரி இருக்க பொட்டி, கபோர்டு கதவுக்குப் பக்கத்துல கை எட்டுத எடத்துல இருக்கட்டும். மேல சிம்னி போட்டா ஹாப்புக்கும் அதுக்கும் 65 முதல் 75 சென்டிமீட்டர், கம்பெனி புக்குல வேற அளவு சொன்னா அதுதான் கணக்கு.

இப்பம் கசிவு பாக்குறது, இதுல அவசரமே கூடாது. பைப்பு மட்டும் இருக்கும்போது, ஹாப்பையும் ரெகுலேட்டரையும் மாட்டுறதுக்கு முன்னாடி, பம்பும் கேஜும் வச்சு காத்தடிச்சு முள்ளு எறங்குதான்னு பாக்கச் சொல்லுங்க. ஹாப் மாட்டுன பொறவு அவ்ளோ காத்து அடிக்கக் கூடாது, அதோட வால்வு தாங்காது. அதுக்கப்புறம் ரெகுலேட்டர மாட்டி, ஹாப் குமிழ் எல்லாம் மூடி வச்சு, சோப்பு நுரைய ஸ்பாஞ்சுல தொட்டு ஒவ்வொரு ஜாயிண்டுலயும் தடவி நிதானமா பாருங்க. சின்ன முட்டை ஒண்ணு மெதுவா ஊதி வந்தாலும் அது கசிவு தான், முறுக்கி திரும்ப தடவணும். பைப்போட கீழ்ப்பக்கம் கண்ணுக்குத் தெரியாது, ஒரு மொகம் பாக்குத கண்ணாடிய அடியில பிடிச்சுப் பாருங்க, ஆளுங்க விட்டுட்டுப் போறது அந்தக் கீழ்ப்பக்கத்தத் தான். தீக்குச்சி கொளுத்தி கசிவு பாக்குத ஆள் வந்தா வேலைய அப்பவே நிப்பாட்டி அனுப்பிருங்க.

எப்பவாவது கேஸ் வாடை அடிச்சா சுவிட்ச போடவும் கூடாது, போட்டிருக்கத அணைக்கவும் கூடாது, ரெண்டுலயும் பொறி வரும். ஃபேன் போட்டு வெளிய தள்ளலாம்னு நெனைக்காதீங்க. கதவு ஜன்னல தொறந்து, ரெகுலேட்டர மூடி கழட்டி, சிலிண்டருக்கு மூடி போட்டு, எல்லாரும் வெளிய வந்து, வெளிய நின்னு கேஸ் கசிவுக்கான அவசர நம்பர் 1906க்கு போன் அடிங்க.

மொதத் தடவை பத்த வைக்கும்போது பைப்புல உள்ள காத்து வெளிய போறதுக்கு கொஞ்சம் நேரம் ஆவும், பத்தலன்னா குமிழ மூடிட்டு கொஞ்சம் பொறுத்து திரும்ப முயற்சி பண்ணுங்க, தொடர்ச்சியா தொறந்து வச்சுக்கிட்டு நிக்காதீங்க. எஃப்எஃப்டி உள்ள பர்னர்னா தீ பத்துன பொறவும் குமிழ அமுக்கி அஞ்சு பத்து செகண்டு பிடிக்கணும், குச்சி சூடாகணும்லா. தீ நீலமா, வளையம் முழுசா ஒரே உயரத்துல நிக்கணும். மஞ்சளா நாக்கு நீட்டுச்சுன்னா காத்து பத்தல, இல்ல பர்னர் மூடி சரியா உக்காரல, பாத்திரத்துல கரி பிடிக்கும், கேஸும் வீணாகும். ஃபுல்லுல இருந்து சிம்முக்கு டக்குன்னு திருப்பிப் பாருங்க, தீ அணையக் கூடாது. அப்புறம் கபோர்டு கதவ வேகமா தொறந்து மூடிப் பாருங்க, அப்பவும் அணையக் கூடாது. அணைஞ்சா வந்த ஆளு போறதுக்கு முன்னாடியே சிம் ஸ்க்ரூவ சரி பண்ணச் சொல்லுங்க.

கண்ணாடி டஃபன்ட் கிளாஸ் தான், மேல கனம் தாங்கும், ஆனா விளிம்புல ஒரு அடி விழுந்தா மொத்தமா பொடிஞ்சிரும். சூடா இருக்கும்போது ஈரத்துணிய போடக் கூடாது, அடுப்புல இருந்து எறக்குன சட்டிய கண்ணாடி மேலயே வைக்கக் கூடாது. கல்யாண வீட்டுக்கு சொதி வைக்கிற மாதிரி பெரிய அண்டா, அகலமான உருளி இதெல்லாம் ஹாப்ல ஏத்தாதீங்க, பாத்திரம் பர்னர விட ரொம்ப அகலமா இருந்தா சூடு கீழ கண்ணாடிக்கே திரும்பும். விசேஷத்துக்குன்னு ஒரு பழைய ஒத்தை அடுப்ப பொறவாசல்ல வச்சுக்கிடுங்க.

பைப் கேஸ் கனெக்‌ஷன் பின்னால உங்க தெருவுக்கு வந்தா அதே ஹாப்ப வச்சுக்கலாம், ஆனா அது வேற கேஸ், வேற பிரஷர், ஜெட்டு மாத்தாம மாட்டக் கூடாது. தெர்மோகப்புள் குச்சியில பொங்குன பாலோ எண்ணெயோ படிஞ்சா தீ நிக்காது, ஆறுன பொறவு மெல்லிசு துணியால தொடைச்சா சரியாயிரும். சிலிண்டர் வரும்போது கைப்பிடிப் பட்டையில உள்ள எழுத்தையும் வருஷத்தையும் பாருங்க, அது சிலிண்டர அடுத்து சோதிக்க வேண்டிய கெடு, ஏ, பி, சி, டின்னு நாலு எழுத்து, "ஏ"ன்னு இருந்தா ஜனவரி முதல் மார்ச், அப்படியே மூணு மூணு மாசம், அந்தக் கெடு தாண்டியிருந்தா வாங்காதீங்க. வாய்க்குள்ள ரப்பர் வளையம் இருக்கான்னும் பாத்துட்டு தான் ரெகுலேட்டர மாட்டணும். சுரக்‌ஷா ட்யூப்ப அஞ்சு வருஷத்துல மாத்தணும், மாட்டுன தேதிய கபோர்டு கதவோட உள்பக்கம் மார்க்கர்ல பெருசா எழுதி, அதுக்குக் கீழயே 1906ன்னும் எழுதி வச்சிருங்க.